நடனம் பேசும் சுற்றுலாப் படத்துக்கு இசையமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டும் படங்களில் இப்போது ஒரு வகை அதிகமாக வருகிறது. பின்னணிக் குரல் கிடையாது, அல்லது கடைசியில் ஒரு வரி மட்டும். கடற்கரைக் கோயில், பெரிய கோயில், செட்டிநாட்டு வீட்டு முற்றம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆடுகிறவர்கள்தான் நம்மைக் கூட்டிப்போவார்கள். இப்படிப்பட்ட படத்துக்குப் புதிதாக இசையமைக்கும்போது இயக்குநர்கள், நடனக் கலைஞர்கள், இளம் இசையமைப்பாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

படத்தை எடுத்து முடித்த பிறகு இசை போட்டால் ஆகாதா?

வழக்கமான சுற்றுலாப் படத்துக்கு ஆகும். அருவி விழுகிறது, படகு போகிறது, அதன்மேல் புல்லாங்குழலை ஓடவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆட்டம் வந்துவிட்டால் கதை வேறு. கால் தரையில் விழும் நொடியில் அடி விழவில்லை என்றால், தாளம் தெரியாதவருக்கும் ஏதோ உறுத்தும்.

சில சமயம் தயாரிப்பாளர் ஏதாவது ஒரு பழைய பாட்டுக்கு ஆடவைத்துப் படமெடுத்துவிட்டு, "டெம்போ இதுதான், இதே அளவில் புதுசா ஒன்னு போட்டுக் கொடுங்க" என்பார். கணக்குப்படி அது முடியும்தான். ஆனால் அந்தப் பழைய பாட்டில் எங்கே மூச்சு விட்டார்கள், எங்கே தூக்கினார்கள் என்பதெல்லாம் ஆடியவரின் தோளிலும் கண்ணிலும் ஏற்கெனவே ஏறியிருக்கும். புது இசை எதைச் செய்தாலும் அந்த உடம்போடு சண்டை போடும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் இயக்குநர், நடன அமைப்பாளர், இசையமைப்பாளர் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்து மிருதங்கம், நட்டுவாங்கம் (ஆட்டத்தை நடத்தும் தாளமும் சொற்களும்), ஒரு குரல் மட்டும் வைத்து ஸ்க்ராட்ச் டிராக், அதாவது தற்காலிகப் பதிவு. அதில் ஒத்திகை, திருத்தம். படப்பிடிப்பு அதற்குப் பிறகு. முழு வாத்தியப் பதிவை எடிட் ஓரளவு நிலைத்த பின் வைத்துக்கொள்ளலாம்.

டெம்போவை எப்படி முடிவு செய்வது?

இரண்டு பேரைக் கேட்க வேண்டும்: ஆடுகிறவரை, எடிட்டரை. இருவருக்கும் சேர்த்து ஒரு எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எனக்குப் பிடித்த எண் 96. நிமிடத்துக்கு 96 அடி என்றால் ஓர் அடி 0.625 வினாடி. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் (எண்ணும் அடி), ஆக ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சரியாக 5 வினாடி. சுற்றுலா விளம்பரங்களை 15, 30, 60, 90 வினாடி என்றுதான் கேட்பார்கள். அவை முறையே 3, 6, 12, 18 ஆவர்த்தனமாக மீதியில்லாமல் வந்து நிற்கும். ரூபக தாளத்துக்குப் போனாலும் ஆறு அட்சரம் 3.75 வினாடி, நான்கு சுற்றில் 15 வினாடி. வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் ஓர் அடிக்கு மிகச் சரியாக 15 ஃபிரேம் கிடைக்கும், எடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். தொலைக்காட்சிக்கான 25 ஃபிரேமில் அடிக்கு 15.625 என்று பின்னம் வரும், ஆனாலும் ஆவர்த்தனத் தொடக்கம் ஒவ்வொன்றும் 125 ஃபிரேமுக்கு ஒருமுறை சுத்தமாக வந்து விழும்.

80-ம் நல்ல எண்தான். ஆவர்த்தனம் 6 வினாடி, 30-க்கும் 60-க்கும் 90-க்கும் பொருந்தும். 15 வினாடி வெட்டு கேட்டால் மட்டும் இரண்டரை ஆவர்த்தனத்தில் போய் நிற்கும். மிஸ்ர சாபு தாளம் வேண்டுமென்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஏழு எண்ணிக்கையை 2.5 வினாடிக்குள் வைத்தால், அதாவது நிமிடத்துக்கு 168 எண்ணிக்கை, 15 வினாடிக்கு ஆறு சுற்று.

சரி, கணக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக ஆடுகிறவரை அதில் திணிக்கக் கூடாது. 96-இல் முதல் காலமும் இரண்டாம் காலமும் நன்றாக இருக்கும் (காலம் ஒன்று ஏறினால் வேகம் இரட்டிப்பாகும்). மூன்றாம் காலம் வைத்தால் அரைமண்டி (முழங்கால் மடக்கி நிற்கும் நிலை) எழும்பிவிடும், முகத்தில் பாவம் போய்ப் பதற்றம்தான் தெரியும். கேமரா பக்கத்தில் இருந்தால் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

இரண்டு நிமிடத்துக்கு எழுதிய ஜதியை (தாளச் சொற்கோவையை) 30 வினாடியாக வெட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வெட்டட்டும், ஆனால் ஜதியை முடித்துவைக்கும் தீர்மானத்தின் நடுவில் கத்தி வைக்க வேண்டாம். ஏன் என்று எடிட்டருக்கு ஒருமுறை விளக்கிவிடுங்கள், அப்புறம் அவரே பார்த்துக்கொள்வார்.

அடிக்கு நாலு மாத்திரை வரும் சதுஸ்ர நடை ஆதியில் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. "தகதிகு ததிங்கிணதொம்" என்பது நாலும் ஐந்தும் ஒன்பது மாத்திரை. மூன்று முறை சொன்னால் 27. எனவே சமத்திலிருந்து (ஆவர்த்தனம் தொடங்கும் இடத்திலிருந்து) ஐந்து மாத்திரை விட்டு எடுத்தால்தான் கடைசித் தொம் முடிந்து அடுத்த சமத்தில் கால் போய் உட்காரும். 96-இல் இந்த 27 மாத்திரை ஏறக்குறைய நாலேகால் வினாடி. எடிட்டர் இரண்டாவது சுற்றைத் தூக்கிவிட்டால் மிச்சம் 18 மாத்திரை, சமம் எங்கோ போய்விடும். மூன்றாவது முறை வருவதற்குள் பார்ப்பவரின் காது முடிவை எதிர்பார்க்கத் தொடங்கியிருக்கும். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறும் இடத்தில்தான் கோயில் விமானத்தையோ கடலையோ காட்டும் அகலமான ஷாட் உட்கார வேண்டும்.

அதனால் நான் எழுதும்போதே மூன்று தீர்மானங்கள் தனித்தனியாக எழுதிவிடுவேன்: ஓர் ஆவர்த்தனத்தில் முடிவது ஒன்று, இரண்டில் முடிவது ஒன்று, நீளமானது ஒன்று. மூன்றையும் ஆடவைத்துப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். குறும் பதிப்புக்குக் குறும் தீர்மானம். நீளமானதை நசுக்கிக் குறுக்கும் வேலையே இல்லை.

எந்த ராகம் போடுவது?

இதற்கு மட்டும் நீளமான பதில் எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் இல்லை. சுற்றுலாப் படம் என்றாலே மோகனமும் ஹம்சத்வனியும் என்றாகிவிட்டது. கேட்க இனிமைதான், ஆனால் எந்த ஊரும் எந்த ஊராகவும் கேட்கிறது. நாகஸ்வரம் வாசிப்பவரிடம் "இந்த நேரத்துக்கு, இந்த இடத்தில் என்ன வாசிப்பீங்க?" என்று கேளுங்கள். விடியற்காலைக்குப் பூபாளம், பௌளி என்று அவரிடம் ஒரு வழக்கம் இருக்கும். அதிலிருந்து தொடங்கலாம்.

ராகத்தைவிடச் சுருதிதான் அதிகத் தொல்லை கொடுக்கும். பெண் குரல் ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடுவார், நீளமான பாரி நாகஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும். இரண்டும் ஒரே பாட்டில் வரவேண்டுமானால் எந்த இடத்தில் கைமாற்றுவது, எது ஷட்ஜமாகவும் எது மத்யமமாகவும் மாறும் என்று எழுதும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் நின்று யோசித்தால் கருவிக்காரர் காத்திருப்பார், மணி ஓடும்.

பரதம், கரகம், பறை, தேவராட்டம் எல்லாம் ஒரே படத்தில். எப்படி ஒட்டவைப்பது?

அடியை மாற்றாமல் நடையை மாற்றுங்கள். 96 அடி அப்படியே ஓடட்டும். பரதம் வரும்வரை ஒவ்வோர் அடிக்குள்ளும் நாலு, பறைக்குப் போகும்போது அதே அடிக்குள் மூன்று. பறையில் மும்மூன்றாக உருளும் அடிகள் நிறைய. காவடிச்சிந்தின் நடையும் அதுவே. மிருதங்கத்தில் கடைசி ஓர் ஆவர்த்தனத்தைத் திஸ்ரத்துக்கு, அதாவது அடிக்கு மூன்றாக, திருப்பிவிட்டால் பார்ப்பவருக்கு மாறியதே தெரியாது, அடுத்த ஷாட்டில் பறை நிற்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒட்டவைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தேவராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராஜகம்பளத்து நாயக்கர்கள் தேவதுந்துபி என்னும் தோற்கருவியின் அடிக்கு ஆடுவது அது. மரபில் அதற்குப் பாட்டே கிடையாது. அதன்மேல் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் ஏற்றினால் ஆட்டத்தின் முதுகெலும்பு போய்விடும். அந்த இடத்தில் இசையமைப்பாளரின் வேலை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். அவர்கள் அடியை அப்படியே நல்ல தரத்தில் பதிவுசெய்து, முன்னும் பின்னும் மட்டும் உங்கள் இசையை வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் "காசு கொடுத்தோமே, இதில் உங்க மியூசிக் எங்கே?" என்று கேட்பார். கேட்கட்டும்.

பறையையும் நையாண்டி மேளத்தையும் ஸ்டூடியோவில் எப்படிப் பதிவு செய்வது?

முதலில், ஸ்டூடியோ வேண்டுமா என்று யோசியுங்கள். ஒரு பள்ளி மைதானமோ தோப்போ போதும், பகல் இரைச்சல் அடங்கிய நேரமாக இருந்தால்.

பறைத் தோலைத் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். கொஞ்ச நேரம் அடித்ததும் தோல் தளரும், மறுபடி காய்ச்ச வேண்டும். மூடிய அறையில் இதற்கு வழியில்லை. பல இடங்களில் "அப்படியே அடிங்க, அப்புறம் கம்ப்யூட்டரில் சரி பண்ணிக்கலாம்" என்கிறார்கள். தளர்ந்த தோலை எந்த மென்பொருளும் இறுக்காது. வெளியே வைக்கோல் கொளுத்த இடம், ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் காய்ச்ச நேரம், இரண்டையும் அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். செயற்கைத் தோல் பறைக்குக் காய்ச்சத் தேவையில்லை, ஆனால் ஒலி வேறு. அடிக்குச்சியின் கனத்த அடிக்கும் சிண்டுக்குச்சியின் மெல்லிய சிணுக்கலுக்கும் உள்ள இடைவெளி அதில் குறைந்துவிடுகிறது. மைக்கை நேர் முன்னால் வைக்காமல் கொஞ்சம் தள்ளி, சிண்டுக்குச்சி படும் விளிம்புப் பக்கம் இன்னொன்று வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

நையாண்டி மேளத்தை ஆள் ஆளாகப் பிரித்துப் பதிவு செய்யாதீர்கள். தவில்காரர் நாகஸ்வரக்காரரின் கன்னத்தைப் பார்த்து வாசிக்கிறார், நாகஸ்வரக்காரர் கரகம் ஆடுபவரின் காலைப் பார்க்கிறார். பம்பைக்காரர் எல்லோரையும் பார்க்கிறார். காதில் க்ளிக் (அடியை எண்ணிக்காட்டும் ஒலி) மாட்டிவிட்டால் இந்தப் பார்வை அறுந்துபோகும். சேர்ந்து வாசிக்கவிட்டு எடுங்கள், ஆடுபவரும் எதிரே இருக்கட்டும். அவர்கள் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஏறத்தான் வேண்டும். பதிவு முடிந்தபின் அந்த வேகத்துக்குக் கம்ப்யூட்டரில் டெம்போ மேப் (வேகம் மாறும் வரைபடம்) போட்டு, மற்ற கருவிகளை அதற்கு ஏற்ப வாசிக்கச் சொல்லுங்கள். தவிலுக்கு இரண்டு மைக் அவசியம். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்களும் இடந்தலையில் கம்பும் இரண்டு வேறு கருவிபோல ஒலிக்கும்.

சலங்கை ஒலியைப் படப்பிடிப்பிலேயே எடுக்கலாமா?

ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது எடுத்த எதுவும் பயன்படாது. எடிட் முடிந்தபின் ஆடியவரையே வரவழைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே காலைத் தட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சலங்கையோடு ஒரு டிராக், வெறுங்காலோடு ஒரு டிராக். படத்தில் கருங்கல் தரை என்றால் கல்லில்தான் தட்ட வேண்டும். மரப்பலகையில் தட்டினால் மேடை முழக்கம் வந்துவிடும், கண் கோயிலைப் பார்க்கும், காது சபாவைக் கேட்கும். வேறொருவரை வைத்துச் செய்யலாமே என்று தோன்றும். குதிகாலும் முன்பாதமும் விழும் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும், வேண்டாம்.

கோயிலில் நாகரா எப்படிப் போடுவது?

படப்பிடிப்பில் பாட்டை ஓடவிடும் கருவியை நம் சினிமாக்காரர்கள் இன்னும் நாகரா என்றே சொல்கிறார்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் படமெடுக்க முன்அனுமதி வேண்டும். வழிபாடு நடக்கும் கோயில் என்றால் கோயில் தரப்பின் ஒப்புதலும் தேவை. மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் எல்லாம் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. முழுச் சத்தத்தில் ஸ்பீக்கர் வைக்க விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

வைக்கவிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தஞ்சையின் விரிந்த பிராகாரத்தில் ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கும் வரிசைக்குப் பாட்டு பத்தில் ஒரு வினாடி தாமதமாகப் போய்ச் சேரும். 24 ஃபிரேமில் அது ஏறக்குறைய இரண்டரை ஃபிரேம். முன்வரிசையும் பின்வரிசையும் தங்கள் காதில் விழும் அடிக்குச் சரியாக மிதித்தாலும் படத்தில் பின்வரிசை பிந்தும். எல்லோரும் ஒத்திகை பற்றாது என்று பின்வரிசைப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். வரிசைக்கு ஒரு சிறிய ஸ்பீக்கரைக் குறைந்த சத்தத்தில் வையுங்கள், அல்லது வயர்லெஸ் காதுக்கருவி கொடுங்கள். தனி ஆட்டத்துக்கு ஒரு காதில் ஒன்று போதும், ஜடை மறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: வெயில் ஏறிவிட்டால் கருங்கல் தரையில் வெறுங்காலோடு ஆட முடியாது. கடற்கரைக் கோயிலில் விடிகாலை வெளிச்சத்தில் ஆட்டப் பகுதியை முடித்துவிடுங்கள். இது இசைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்போல் தெரியும். கால் சுட்டால் தாளம் ஓடும், அதனால்தான் சொல்கிறேன்.

ஸ்லோ மோஷனில் எடுத்த ஆட்டம் தாளத்தோடு பொருந்துமா?

பொருந்தும். 48 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் அசைவு பாதி வேகம். எனவே படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும், 96 என்பது 192 ஆகும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் பரதம் படித்தவருக்குப் பிரச்சினையே இல்லை. நம் காலங்கள் இரண்டிரண்டு மடங்காகவே ஏறுகின்றன. 192-இல் முதல் காலம் ஆடுவதும் 96-இல் இரண்டாம் காலம் ஆடுவதும் கால்களுக்கு ஒன்றுதான். அந்தப் பகுதிக்கு இரட்டை வேகத்தில் ஒரு டிராக்கைத் தனியாகத் தயாரித்துக் கொடுத்துவிடுங்கள். மிருதங்கம் அந்த வேகத்தில் குழம்பும், க்ளிக்கும் சொல்கட்டும் (வாயால் சொல்லும் ஜதியும்) மட்டும் இருந்தால் போதும்.

பழைய கீர்த்தனையையோ பாரதி பாட்டையோ எடுத்துக்கொள்ளலாமா?

இந்தியச் சட்டப்படி பாடலுக்கும் இசைக்கும் உரிமை, ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுகள். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், பரத ஆசான்களான தஞ்சை நால்வரும் 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள், தடையில்லை. பாரதி 1921-இல் மறைந்தார், அவர் பாடல்களின் உரிமையை 1949-இலேயே அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கிவிட்டது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல், அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை அனுமதி வாங்க வேண்டும். சபாவில் எல்லோரும் பாடுகிறார்களே என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பாடல் பழசாக இருந்தாலும் அதன் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. வெளியான பின் 60 ஆண்டுகள். பாரதி வரியைப் பழைய சினிமாப் பாட்டின் மெட்டில் போட்டால், மெட்டு யாருடையதோ அவரிடம் கேட்க வேண்டும்.

புதிதாக வரிகள் எழுதினால் எப்படி இருக்க வேண்டும்?

ஊர்ப்பெயர்களை அடுக்காதீர்கள். "வாருங்கள் வாருங்கள்" வேண்டவே வேண்டாம். குறவஞ்சி நாடகங்களில் குறத்தி தன் மலைவளத்தைச் சொல்வாள். அங்கே யாரும் யாரையும் வரச்சொல்லி அழைப்பதில்லை. குரங்கு, தேன், அருவி, மூங்கில் என்று கண்ணில் படுவதைச் சொல்லிக்கொண்டே போவாள், கேட்பவருக்குப் போகத் தோன்றும். அபிநயத்துக்கும் அதுதான் வசதி. "பாரம்பரியப் பெருமை" என்ற சொல்லுக்குக் கையில் என்ன முத்திரை பிடிப்பது? மூங்கிலும் தேனும் என்றால் கை தானே பேசும்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அரசுத் துறைக்காக, அதன் மேற்பார்வையில் செய்யும் படைப்பு அரசுப் படைப்பாகக் கருதப்படலாம். மாறாக எழுதிக்கொள்ளாவிட்டால் முதல் உரிமை அரசுக்கே. இதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். தனியார் நிறுவனத்துக்கு உரிமை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சுற்றுலாப் படம் வெளிநாட்டுக் கண்காட்சிக்குத்தான் முதலில் போகும் என்பதால் எல்லையை எழுதாமல் விடுவது இரு தரப்புக்கும் தலைவலி. 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் வரும் இசைக்கும் பாடலுக்கும் திரையரங்குக்கு வெளியே வரும் ராயல்டியில் படைப்பாளிக்குச் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. பெரிய தொகை என்றால் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு?

கூட்டிவந்த ஏஜென்ட் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொருவர் கணக்குக்கும் பணம் போகட்டும். திரையில் "நாட்டுப்புறக் கலைஞர்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல் பெயர் போடுங்கள். வாசிப்பவருக்கும் ஆடுபவருக்கும் தம் நிகழ்ச்சியின்மேல் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, பெயர் கேட்கும் உரிமையும் அதில் அடக்கம். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியில் எந்த ஃபைல்களைக் கொடுப்பது?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். முழு மிக்ஸ், குரல் இல்லாத மிக்ஸ், அப்புறம் தனித்தனி ஸ்டெம், அதாவது வகைக்கு ஒரு பதிவு: தோற்கருவிகள், நாகஸ்வரம், தந்தி, குரல், சொல்கட்டு, சலங்கை. சலங்கையைத் தாளத்தோடு கலந்து ஒரே ஸ்டெமாகக் கொடுக்காதீர்கள். வேறு மொழிப் பதிப்பில் பின்னணிக் குரல் சேர்க்கும்போது முதலில் குறைக்க வேண்டியது அதைத்தான். 15, 30, 60 பதிப்புகளை நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள், ஏஜென்சியில் வேறு யாரோ வெட்டக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் ஓர் ஆவர்த்தனம் க்ளிக் விட்டு, ஃபைல் பெயரில் டெம்போவையும் தாளத்தையும் சுருதிக் கட்டையையும் எழுதுங்கள்.